ஒசத்துன வண்டியும் ஒதறுன ஸ்டியரிங்கும்

ரெண்டு இஞ்ச் ஒசத்திட்டியாமே பேராண்டி? ஊரே பேசுது. ஜிம்னிக்குப் போட்ட மாலை இன்னும் வாடல. அதுக்குள்ள இருந்த ஸ்பிரிங்கக் கழட்டி வேற ஸ்பிரிங்கு, இருந்த ஷாக்கக் கழட்டி வேற ஷாக்கு. மஞ்சக் கலர்ல ஒண்ணு, செவப்புல ஒண்ணு. அடியில கெடக்குற சாமானுக்கு எதுக்குய்யா இம்புட்டு கலரு? குனிஞ்சு பாக்கப் போறவன் மெக்கானிக்கு மட்டுந்தான். அவனுக்கு அழகு காட்டி என்ன ஆகப் போகுது?

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். ஆண்டிபட்டி கணவாய் எறங்கையில, 70ல போகும்போது ஒரு சின்னப் பள்ளத்துல விட்டதும் ஸ்டியரிங்கு கைக்கு அடங்காம ஒதறுச்சுல்ல? பக்கத்துல இருந்த கூட்டாளி குலசாமி பேரு மொத்தத்தையும் சொல்லிட்டானாம். அதையும் ஊரு பேசுது.

நான் போடியில ஏலக்காட்டு ஜீப்பு ஓட்டிப் பொழச்சவன். எனக்கு உன் கம்ப்யூட்டர் பாஷை தெரியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒசத்துனது எதுக்கு?

கல்லு இடிக்கக் கூடாதுன்னுதான? கம்பெனிக்காரன் தரைக்கும் வண்டிக்கும் நடுவுல 210 மில்லிமீட்டர் எடம் குடுத்துருக்கான். அது எந்த எடத்துல அளந்ததுன்னு பாத்தியா? ஆக்சில் நடுவுல குண்டா தொங்குதே டிஃபரன்ஷியல் கூடு, அங்கன அளந்தது. நீ போட்ட ஸ்பிரிங்கு அந்த ஆக்சிலுக்கு மேல ஒக்காந்துருக்கு. ஸ்பிரிங்க ஒசத்துனா பாடி ஒசரும். ஆக்சிலு எப்படிப்பா ஒசரும்? அது சக்கரத்தோட போற சாமான். டயரு பெருசானாத்தான் அது நாலு நூலு மேல வரும். மூக்கும் வயிறும் தட்டாது, அது நெசந்தான், இல்லேங்கல. ஆனா கூடு இடிக்கிற கல்லு இடிச்சுக்கிட்டேதான் இருக்கும். நீ ரெண்டு இஞ்ச் மேல ஒக்காந்து அத வேடிக்க பாக்கலாம்.

இனி ஒதறலுக்கு வருவோம்.

உன் வண்டிக்கு முன்னால ஒத்த ஆக்சிலு. அது அங்கிட்டும் இங்கிட்டும் நகராம இருக்க, ஃபிரேமுல ஒரு முனை, ஆக்சில்ல ஒரு முனைன்னு குறுக்க ஒரு கம்பி போட்டுருக்கான். லேட்டரல் ராடுன்னு சொல்லுவாங்க. வண்டி ஒசந்தா அந்தக் கம்பி சாயும். சாஞ்ச கம்பிக்கு நீளம் பத்தாது. அப்ப என்ன பண்ணும்? ஆக்சில ஒரு பக்கமா இழுத்துக்கும். முன்னால நின்னு பாத்தா முன்சக்கரம் ஒண்ணு பாடிக்கு வெளிய வந்துருக்கும், இன்னொண்ணு உள்ள போயிருக்கும். உன் வண்டியப் பாத்தேன், அப்படித்தான் நிக்குது. ஃபோட்டோ எடுக்கும்போது மட்டும் சக்கரத்தத் திருப்பி வச்சுக்கிட்டா ஆச்சா?

இன்னொண்ணு கேளு. சின்னப்புள்ளையில ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டுவியே, அது ஏன் நேராப் போச்சு? உன் தெறமையா? முன் ஃபோர்க்கு பின்பக்கமா சாஞ்சிருக்குல்ல, அந்தச் சாய்வும் ஒரு காரணம். அதே சாய்வு உன் வண்டி முன்சக்கரத்துக்கும் உண்டு, கேஸ்டர்னு பேரு. நீ ஒசத்துனதும் ஆக்சிலு முன்னால லேசா உருண்டு அந்தச் சாய்வு கொறஞ்சு போச்சு. அதான் வளைவுல திருப்புன ஸ்டியரிங்கு தானா நேரா வர மாட்டேங்குது. வண்டியும் ரோட்ட மேயுது. இது ரெண்டுக்கும் சாமான் இருக்கு. நீளம் மாத்திக்கிற லேட்டரல் ராடு ஒண்ணு, சாய்வத் திருப்பிக் குடுக்குற கேஸ்டர் புஷ்ஷு ஒரு செட்டு. உனக்கு ஸ்பிரிங்கு வித்தவன் இதச் சொன்னானா? சொல்ல மாட்டான். சொன்னா நீ அன்னைக்கே பில்லப் பாத்து ஒசத்தாம வீட்டுக்குப் போயிருப்ப.

ஆனா ஒண்ணு. ஒதறலுக்கு இது மட்டும் காரணமா இருக்காது. எங்கனயோ ஒரு எடத்துல ஆட்டம் விழுந்துருக்கும். அதக் கண்டுபிடிக்காம நீ என்ன செஞ்ச? ஸ்டியரிங் டேம்பர் புதுசா வாங்கி மாட்டுன. மாட்டுன மாசம் சொகமா இருந்துச்சு, அடுத்த மாசம் மறுபடி ஒதறுச்சு. தலவலிக்குத் தலகாணிய மாத்துனா தீருமாய்யா? டேம்பரு ஒதறல அமுக்கித்தான் வைக்கும். உள்ள தேயுறது தேஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

இதுக்கு ஒரு காசு செலவில்லாத வழி இருக்கு. ஒரு பழைய சாக்க விரிச்சு வண்டிக்கு அடியில படு. வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கணும், ஜாக்கி போடாத. கியரு நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக்க இழுத்து, பின்சக்கரத்துக்குக் கல்லு வச்சுக்க. உன் கூட்டாளிய இஞ்சின ஓடவிட்டு, ஸ்டியரிங்க அங்கிட்டு ஒரு சாண் இங்கிட்டு ஒரு சாண் ஆட்டச் சொல்லு. நீ ஒவ்வொரு மூட்டா பாரு. தொட்டும் பாரு. லேட்டரல் ராடு ரெண்டு முனையிலயும் போல்ட்டு ஓட்டைக்குள்ள நகருதா? ரப்பர் புஷ்ஷு வெடிச்சிருக்கா? டை ராடு எண்டு மேலயும் கீழயும் துள்ளுதா? ஸ்டியரிங் பாக்ஸே ஃபிரேமுல அசையுதா? அசையுறது கண்ணுக்குத் தெரியும், தெரியாட்டி வெரலுக்குத் தெரியும்.

அப்புறம் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தத் தூக்கு. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ஆடுனா கிங் பின் பேரிங்கு, இல்லேன்னா வீல் பேரிங்கு. ரெண்டு பக்கத்துலயும் பிடிச்சு ஆட்டும்போது மட்டும் ஆடுனா டை ராடு எண்டு. முடிஞ்சுச்சு வைத்தியம். இதுக்கு எதுக்குப்பா லேப்டாப்பு?

தேஞ்ச புஷ்ஷ மாத்திட்டு போல்ட்ட முறுக்கும்போது வண்டி தன் வெயிட்ல தரையில நிக்கணும். தூக்கி வச்சு முறுக்குனா, எறக்குனதும் புஷ்ஷு முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும். உன் மெக்கானிக்கு தூக்கி வச்சுத்தான் முறுக்கியிருப்பான், பந்தயம் கட்டுறேன். டயர் பேலன்சிங்கும் அலைன்மென்டும் அதுக்கு அப்புறம். ஆட்டத்த வச்சுக்கிட்டு அலைன்மென்ட் பாத்தா, அந்தப் பேப்பரு கடலை மடிக்கத்தான் ஆகும்.

நடுரோட்ல மறுபடி ஒதறுனா? பிரேக்கப் போட்டு மிதிக்காத. ஆக்சிலேட்டர விட்டு மெல்ல வேகத்தக் கொறச்சு ஓரங்கட்டு. குலசாமிய அப்புறம் கூப்பிட்டுக்கலாம்.

விடியமுன்ன ஏலக்காட்டுக்கு ஆளேத்திக்கிட்டு போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போற ஜீப்புகளப் பாத்துருக்கியா? கமான் பட்டை துருப்பிடிச்சு நிக்கும், பெயிண்டு எதுன்னே தெரியாது. ஆனா டிரைவரு கிரீஸ் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு அடியில பூந்து வருவான். சாக்கிள் புஷ்ஷு தேஞ்சா அவனுக்குக் காதே சொல்லும். சூரியநெல்லியிலருந்து கொழுக்குமலைக்கு ஏறுறவனும் அப்படித்தான். பாறை மேல நடக்குற வேகத்துலதான் போவான். அங்க வேணுங்கறது நாலு சக்கரமும் தரையத் தொட்டுக்கிட்டு இருக்கிறது. நீ போட்ட ஸ்பிரிங்கு முன்னால இரும்பு பம்பரு, வின்ச்சு, மேல கேரியருன்னு நெதம் செமக்கிற வண்டிக்குள்ளது. உன் வண்டியில இருக்குறது ஒரு தண்ணி பாட்டிலும் ஃபோன் சார்ஜரும். அந்த ஸ்பிரிங்கு எப்படி அமுங்கும்? அமுங்காத ஸ்பிரிங்கு கல்லுல ஏறுனா சக்கரம் அந்தரத்துல தொங்கும்.

காத்த மாத்துனியா? அதத்தான் யாரும் செய்ய மாட்டேங்குறீக. கல்லுப் பாதை வந்ததும் 18, 20 பாயிண்டுக்கு எறக்கு. டயரு பரந்து கல்லப் பிடிக்கும், இடுப்பும் பொழைக்கும். தார் ரோட்டுக்கு ஏறுறதுக்கு முன்ன கதவோரம் ஒட்டியிருக்குற அளவுக்கு மறுபடி ஏத்து. காத்து ஓசி, அதுல பெருமை இல்லேன்னு விட்டுட்டீக.

உன் கூட்டாளியோட தாரு வண்டி வேற கேசு. 2020க்கு அப்புறம் வந்த தாருல முன்னால ஒத்த ஆக்சிலு கெடையாது, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி. அதுல ஸ்பிரிங்கு மேல கட்டைய வச்சு ஒசத்துனா, சக்கரத்துக்குப் போற ஷாஃப்டு கோணல் கூடிப் போகும். ரப்பர் பூட்டு கிழிஞ்சு கிரீஸு வெளிய தெறிக்கும். அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத, மொகத்தத் தூக்கிக்குவான்.

சட்டமும் ஒண்ணு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. ஆர்.சி. விவரம் கம்பெனிக்காரன் குறிச்சதுக்கு மாறாப் போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. மோதி எங்கனயாச்சும் நின்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல உன் ஸ்பிரிங்கத்தான் குனிஞ்சு பாப்பான். மெக்கானிக்குக்கு அடுத்தபடியா அந்தக் கலர ரசிக்கிற ஆளு அவன்தான்.

எறக்குன்னா கேக்க மாட்ட, தெரியும். சரி, ஒசரத்துலயே இரு. அந்த டேம்பரக் கழட்டி வித்துப்புட்டு லேட்டரல் ராடும் கேஸ்டர் புஷ்ஷும் வாங்கு. மிச்சம் மீதி இருந்தா சைடுல ஒரு படி வச்சு விடு. உங்க அப்பத்தாள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, போன வாரம் அந்த வண்டியில ஏத்த முடியாம ஆட்டோல்ல பிடிச்சோம்.