பெயரடை பிடுங்குகிறவர்கள்

கோவில்பட்டிக்காரர் ஒருவரிடம் கடலைமிட்டாய் பற்றி விக்கிப்பீடியாவுக்கு நாலு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். முதல் வரியிலேயே 'உலகப் புகழ்பெற்ற' வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவதில் 'நாவில் நீர் ஊறவைக்கும்'. மூன்றாவதில் 'ஈடு இணையற்ற'. அதில் கடலை இருக்கிறது என்ற விவரம் நாலாவது வரியில் வரும், அதுவும் இடமிருந்தால்.

பிறகு திருத்துகிறவர் வருவார். 'உலகப் புகழ்பெற்ற' பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒரு குத்து. ஒரு வாரம் பார்ப்பார். சான்று வராது. வெட்டிவிடுவார். கடைசியில் மிஞ்சுவது இவ்வளவுதான்: நிலக்கடலையை வெல்லப்பாகில் சேர்த்துச் செய்யும் இனிப்பு, 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. எழுதியவருக்கு வயிறு எரியும். ஆனால் வெளியூர்க்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் 'அடேயப்பா' என்பார்.

ஊர்க்கோயில் கட்டுரையில் இந்த வேலை இன்னும் ஆபத்தானது. 'கேட்ட வரம் தரும் அம்மன்' என்று எழுதக்கூடாது. 'கேட்ட வரம் தருவதாகப் பக்தர்கள் நம்புகின்றனர்' என்றுதான் எழுத வேண்டும். திருத்துகிறவரும் அதே ஊர்க்காரராக இருந்தால், திருத்தியதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஆசாபாசத்தை அடக்க முடியாதவர்களில் மகா பண்டிதர்களும் உண்டு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் ஓட்ஸை ஸ்காட்லாந்தில் மனிதர்களே சாப்பிடுகிறார்கள் என்று ஓர் இடி இடித்தார். இத்தனைக்கும் அவருக்குப் படியெடுத்துக் கொடுத்த ஆறு உதவியாளர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கலால் வரியை வெறுப்புக்குரியது என்று எழுதினார். அவதூறு வழக்குப் போடலாமா என்று கலால் ஆணையர்கள் அரசு வழக்கறிஞரிடம் யோசனை கேட்டார்கள். பென்ஷன் என்பது நாட்டுக்குத் துரோகம் செய்யக் கொடுக்கும் கூலி என்கிற மாதிரி பொருள் சொன்னார். 1762இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுன் பென்ஷன் கொடுத்தபோது, வாங்கிக்கொண்டார்.

ஜான்சன் தன் மனதில் பட்டதை எழுதினார். பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்திலோ மேலிடத்து மனதில் பட்டதுதான் அச்சேறியது. மேலிடத்து மனமோ நிலையில்லாதது. அதன் இரண்டாம் பதிப்பில் ரகசிய போலீஸ் தலைவர் பேரியாவுக்குப் படத்துடன் புகழ்மாலை சூட்டியிருந்தார்கள். 1953இல் அவர் கைதாகி, சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தாதாரர்களுக்குத் தபால் வந்தது: அந்தப் பக்கங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, இத்துடன் உள்ளவற்றை ஒட்டிக்கொள்ளவும். புதிய பக்கங்களில் பெரிங் கடல் பற்றி விரிவாக எழுதியிருந்தது. கடலுக்குக் கட்சி கிடையாது.

நம் ஊரில் கட்சிக்குக் கட்சி பட்டம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் தலைப்பு 'மு. கருணாநிதி', 'ஜெ. ஜெயலலிதா' என்றே இருக்கும். கலைஞரும் புரட்சித் தலைவியும் உள்ளே, 'என்று அழைக்கப்படுகிறார்' என்ற வாலோடு வருவார்கள். காந்திக்கு மட்டும் மகாத்மா தலைப்பிலேயே நிற்கிறது. அது பட்டம் என்பதே மறந்துபோய்ப் பெயராகிவிட்டது.

பெயரடையைப் பிடுங்கிவிடலாம். வினைமுற்றை என்ன செய்வது? ஆளுக்கு எவ்வளவு மரியாதை என்று முடிவுசெய்யாமல் தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. செய்தித்தாளில் செயின் திருடியவன் 'பிடிபட்டான்'. கோடிகளைச் சுருட்டிய தொழிலதிபர் 'கைதானார்'. பழைய வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களுக்கெல்லாம் 'ஆன்'தான். 1025இல் கடல் கடந்துபோன படையை வைத்துக் கடாரத்தை ராஜேந்திர சோழன் 'வென்றான்'. சொற்ப வாக்கில் தப்பித்த வார்டு கவுன்சிலர் 'வென்றார்'.

இது அநியாயம் என்று மன்னர்களுக்கும் 'ஆர்' போடுகிறவர்கள் இப்போது உண்டு. சரி, எல்லோருக்கும் ஒரே விகுதி என்றால், ஆட்டோ சங்கர் கொலை 'செய்தாரா', 'செய்தானா'? இரண்டில் எதைப் போட்டாலும் சண்டைக்கு ஆள் வரும். விவரம் தெரிந்தவர்கள் வாக்கியமே எழுதுவதில்லை. கட்டுரையின் ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு, 'தூக்குத் தண்டனை நிறைவேறிய ஆண்டு: 1995' என்று முடித்துக்கொள்கிறார்கள்.