இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பக்கம்

கோவை கணபதியில் நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனிக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம், வந்து குவியும் ரெஸ்யூமேக்களைச் சலித்தெடுக்கிற வேலை என் தலையில்தான் விழும். அவற்றை நம்பினால் கொங்கு மண்டலத்தில் சோம்பேறியே கிடையாது. எல்லோரும் கடின உழைப்பாளிகள், எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிறவர்கள். எல்லோருக்கும் பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பதும் கிரிக்கெட் ஆடுவதும். சவாலான சூழலில் பணியாற்றி, நிறுவனத்தோடு சேர்ந்து தானும் வளர்வதே அத்தனை பேருக்கும் லட்சியம். நாங்கள் ஆள் கேட்டதோ ஸ்டோர் கீப்பர் வேலைக்கு. அந்த குடோனில் சவால் என்று சொன்னால் பெருச்சாளி ஒன்றுதான்.

ஒரு தடவை ஒரே காலேஜிலிருந்து வந்த இரண்டு பையன்களுக்கு ஒரே அப்பா. இனிஷியல் மட்டும் வேறு. நண்பனின் ஃபைலை வாங்கிப் பெயரை மாற்றியவன், அப்பாவை மாற்ற மறந்திருக்கிறான். அதன் அடியிலேயே, 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்று கையெழுத்து வேறு.

அரை சென்ட் நிலம் வாங்கினாலும் பத்திர எழுத்தரிடம் போகிறோம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் காசு கொடுத்து, 'ஐயா, வணக்கம்' என்பதைக்கூட அவர் கையாலேயே எழுதி வாங்குகிறோம். பிழைப்புக்கு ஆதாரமான காகிதத்தை மட்டும் பிரவுசிங் சென்டர் பையனின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கிற ஃபைலிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

என் சகலை மகனுக்கும் அப்படி ஒரு ரெஸ்யூமே இருந்தது. சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறையில் பம்பு டெஸ்டிங் பார்க்கிறவன். இரண்டு பக்கம், சுற்றிலும் பூ பார்டர். வேலையைப் பற்றி, 'பம்பு சோதனைப் பிரிவில் பொறுப்பு' என்று ஒரே வரி. பெரிய கம்பெனி எதிலிருந்தும் ஒரு போன்கூட வரவில்லை. ரெஸ்யூமே எழுதித் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனேன். முன்பு ஒரு மில்லில் ஹெச்.ஆர். பார்த்தவர்.

அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு ஷிப்டுக்கு எத்தனை பம்பு டெஸ்ட் பண்ணுவீங்க?"

"நாப்பது, அம்பது இருக்குமுங்க."

"கஸ்டமர்கிட்டே இருந்து திரும்பி வருமா?"

"முன்னெல்லாம் லீக்கேஜ்னு நெறைய வருமுங்க. மெக்கானிக்கல் சீல் மாட்டறப்ப அழுக்குக் கையோட மாட்டுவாங்க. நான் தொடைச்சுட்டு மாட்டச் சொல்லி, மாட்டுனதும் ஒருக்கா கையில சுத்திப் பாக்க வெச்சேன். இப்பல்லாம் மாசத்துக்கு ஒண்ணு வந்தா அதிகமுங்க."

"இதை ஏன் தம்பி எழுதலை?"

"அது வேலைதானுங்களே!"

நம் ஆட்களின் வியாதி இதுதான். செய்ததைச் சொல்லக் கூச்சம். செய்யாததைச் சொல்ல வெட்கமே இல்லை. சி.என்.சி. புரோகிராமிங் தெரியும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான். "தெரியுமா?" என்றார். "பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்." அந்த வரி போயே போச்சு.

பூ பார்டர், போட்டோ, ஜாதகக் கட்டம் மாதிரி இருந்த டேபிள் எல்லாம் அதன் பின்னாலேயே போயின. பெரிய கம்பெனிகளில் மனுஷன் பார்ப்பதற்கு முன்னால் சாஃப்ட்வேர்தான் படிக்கிறதாம். கட்டத்துக்குள் எழுதியதை அது தாறுமாறாகப் பிடித்துக்கொள்ளும். விளம்பரத்தில் கேட்டிருக்கும் வார்த்தை நம் ரெஸ்யூமேயில் இருக்கிறதா என்று தேடும் என்றார். ஆக, நம் அழகுணர்ச்சியை ரசிக்க அங்கே யாருமில்லை.

வீட்டில் சகலைக்குத்தான் பொறுக்கவில்லை. "ரெண்டு பக்கம் கொண்டு போனீங்க, ஒரு பக்கம் பண்ணிக் குடுத்திருக்காங்க. இதுக்கு ரெண்டாயிரமாங்கண்ணா? தன்னைப் பத்தித் தனக்கே எழுதத் தெரியாதா?"

லியனார்டோ டா வின்சி கதையை எடுத்துவிட்டேன். 1480களின் தொடக்கத்தில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு அவர் எழுதிய கடிதத்தை உலகின் முதல் ரெஸ்யூமே என்பார்கள். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அதன் படி அவர் கையெழுத்தில் இல்லை. வேறு யாரோ எழுதியது. ஸ்ஃபோர்சாவுக்குச் சண்டைக்கு ஆள் வேண்டும் என்று கணித்து, தூக்கிப்போகிற பாலம், பீரங்கி, கவச வண்டி என்று அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில் ஒட்ட வைத்திருக்கிறார்.

"வேலை கெடச்சுதுங்களா?"

"கிடைச்சுது. 1499 வரைக்கும் மிலான்லதான் இருந்தார். 'கடைசி விருந்து' ஓவியம் அங்கே வரைஞ்சதுதான்."

"பாத்தீங்களா, எழுதிக் குடுத்தது பீரங்கி, செஞ்சது பெயிண்டிங்" என்று சகலை என்னையே மடக்கிவிட்டார்.

பையனுக்கு இன்டர்வியூ வந்தது. முக்கால்வாசி நேரம் அந்த சீல் சமாச்சாரத்தைத்தான் கேட்டார்களாம். "பொழுதுபோக்கு கேட்டாங்களா?" என்று விசாரித்த சகலை, இல்லை என்றதும் கொஞ்சம் வாடிப்போனார். ஆனால் வேலை கிடைத்த அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, அந்தம்மா நம்பர் குடுங்க. அடுத்து பொண்ணு பாக்கோணும். ராசி நட்சத்திரம் போட்டு நல்லதா ஒண்ணு எழுதித் தருவாங்களா?"

கேட்டுச் சொன்னேன். எழுதித் தருவாராம். ஆனால் பையனை மறுபடி கூட்டிவர வேண்டும், அவருக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றனவாம்.