மடவைக்கு மண் பிடிக்கும்

கே: மடவை மண்ணைத் தின்று வாழ்கிறது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கடலூர்)

ப: தின்கிறது, ஆனால் வாழ்வது மண்ணால் அல்ல. மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் டயாட்டம் பாசியும் மக்கிப்போன இலைதழையும் நுண்ணுயிரும்தான் அதன் சாப்பாடு. அடிமண்ணை அள்ளி, செவுளில் சலித்து, பெருமணலைத் துப்பிவிட்டு மீதியை விழுங்கிவிடும். மெல்லுவதற்குப் பல் கிடையாதே என்று கவலைப்பட வேண்டாம். அடுத்த முறை மடவையை அறுக்கும்போது குடலோடு வரும் அந்தக் கெட்டியான சதை உருண்டையைத் தூக்கி எறியாமல் பிளந்து பாருங்கள். கோழிக்கு இருப்பது போன்ற அரைவைப் பை அது. விழுங்கிய மணல்தான் உள்ளே அம்மிக்கல். அரைத்தது போய்ச் சேரும் குடல், உடம்பைப் போலச் சில மடங்கு நீளம். வயிற்றின் உட்புறம் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அழுக்கு இல்லை, பிறவி நிறம். இருந்தாலும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கே: மடவை என்று சொல்லி வேறு எதையாவது தலையில் கட்டிவிட்டால்? (வாசகர், சென்னை)

ப: விற்பவர் முகத்தைப் பார்க்காமல் மீனின் முதுகைப் பாருங்கள். இரண்டு துடுப்பு, நடுவே நல்ல இடைவெளி. முன் துடுப்பில் முள் நான்கு. தலை மேலே தட்டை, வாய் சின்னது. சாம்பல் மடவையாக இருந்தால் கண்ணின் மேல் கண்ணாடி போலக் கொழுப்பு இமையும் படர்ந்திருக்கும். இதற்குமேல் சந்தேகம் வந்தால் கோழிக்கடைக்குப் போய்விடலாம்.

கே: சீலாவும் காலாவும் மடவைக்குச் சொந்தக்காரர்கள் என்று கல்லூரியில் படித்தேன். என் மகள் இல்லை என்கிறாள். (வாசகர், ராமநாதபுரம்)

ப: நீங்கள் படித்த காலத்தில் நீங்கள் சரி, இப்போது மகள் சரி. தள்ளித் தள்ளி நிற்கும் முதுகுத் துடுப்புகளை வைத்து மூவரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்திருந்தார்கள். மரபணுவைப் பிரித்துப் பார்த்ததும் குடும்பம் உடைந்தது. சீலாவும் காலாவும் பாறை, நாக்குமீன் இருக்கும் பக்கம் போய்விட்டன. மடவைக்குத் தனி வரிசையே கொடுத்தாயிற்று. இன்று அதற்குக் கிட்டத்து உறவு யார் தெரியுமா? குளத்து ஜிலேபியும் கடல்மேல் பறக்கும் கோலாவும் இருக்கிற பெருங்கூட்டம். சாயலை நம்பிப் பத்திரிகை அடித்தால் இப்படித்தான்.

கே: உலகம் முழுக்க இருப்பது ஒரே மடவைதானா? (மாணவி, பரங்கிப்பேட்டை)

ப: குடும்பத்தில் ஏறக்குறைய 80 இனங்கள். அவற்றில் உலகம் சுற்றுவது மூஜில் செபாலஸ், 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டது. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் ஏறக்குறைய 42 பாகை வரை, வெதுவெதுப்பான கரை எங்கும் இருக்கிறது. மத்தியதரைக்கடலிலும் அதுதான், வங்கக்கடலிலும் அதுதான் என்று ரொம்ப நாள் நம்பினோம். மரபணு ஆய்வில் பார்த்தால், ஒரே பெயரில் பத்துக்கு மேற்பட்ட தனித்தனி வம்சங்கள் ஒளிந்திருக்கின்றன. தைவானைச் சுற்றி மட்டுமே மூன்று. ஒரே கடலில் இருந்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நீங்கள் பழைய புத்தகத்தில் லைசா என்று மனப்பாடம் செய்திருந்தால், நம் கரையில் கிடைக்கும் பலவும் இப்போது பிளானிலைசா. தேர்வுக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: காரணமே இல்லாமல் குதிக்கிறதே? (வாசகர், முத்துப்பேட்டை)

ப: துரத்தும்போது குதிப்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. யாரும் துரத்தாமல் சோம்பலாகத் துள்ளி, பக்கவாட்டில் பொத்தென்று விழுகிறதே, அதுதான் புதிர். 1985-இல் ஹோஸ் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் சொன்னார்: தொண்டைக்கு மேலே உள்ள ஓர் அறையில் காற்றைப் பிடித்துக்கொள்ளத்தான் துள்ளுகிறது, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் தலையை விட்டு மேயும்போது அந்தக் காற்று உதவுகிறது என்று. ஒட்டுண்ணியை உதறத்தான் என்போரும் உண்டு. எனக்கு ஹோஸ் கட்சி பிடித்திருக்கிறது.

கே: எங்கள் வாவியில் சினையோடு மணலை (மடவைக்கு எங்கள் பெயர்) பிடிபடுகிறது. ஆனால் வாவியில் முட்டையிடாது என்கிறார்கள். ஏன்? (வாசகர், மட்டக்களப்பு)

ப: மேய்ச்சல் வாவியில், பிரசவம் கடலில். ஹில்சா கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும். இது நேர் எதிர். சினை முற்றியதும் கூட்டம் கூட்டமாக முகத்துவாரம் தாண்டிப் போகும். ஒரு பெரிய பெண் மீன் பல லட்சம் முட்டை இடும், இருபது லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. எண்ணெய்த் துளி சுமந்த முட்டை நீரில் மிதந்து பொரிக்கும். குஞ்சு இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்ததும் கரைப்பக்கம் திரும்பி, கழிமுகம் தேடி உள்ளே வரும். நன்னீரோ, கடலைவிடக் கரிக்கும் உப்பளத்து நீரோ, இரண்டையும் தாங்கும். அது தாங்காத ஒன்று அடைத்த வாசல். பழவேற்காட்டு முகத்துவாரம் தூர்ந்துபோகும்போதெல்லாம் மீனவர்கள் தோண்டச் சொல்லி முறையிடுவது படகு போக மட்டும் என்று நினைக்காதீர்கள். குஞ்சு உள்ளே வரவும் அதே வழிதான். வாசல் மணலில் மூடிக் கிடக்க, ஏரியில் மீன் இல்லை என்று வலையின் கண்ணை அளந்துகொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கே: மடவைச் சினைக்கு வெளிநாட்டில் அவ்வளவு விலையாமே? (வாசகி, தூத்துக்குடி)

ப: நாம் குழம்பில் போடுவதை அவர்கள் உப்பிட்டு, அழுத்தி, காயவைத்து, மெழுகுக்கட்டி போலாக்கிச் சீவிச் சீவிச் சாப்பிடுகிறார்கள். சார்டினியாவில் பொத்தார்கா, நாகசாகியில் கராசுமி. தைவானில் குளிர்காலத்தில் வரும் மடவைக் கூட்டத்துக்கே தங்க மதிப்பு. எகிப்தியர் வழி வேறு: மீனையே உப்பில் ஊறப்போட்டு நொதிக்கவைத்த ஃபெசீக், வசந்த விழாவான ஷம் எல் நசீம் அன்று. சரியாகச் செய்யாவிட்டால் ஆளைக் கொல்லும். 1991-இல் கொன்றும் இருக்கிறது. வீட்டில் முயற்சி வேண்டாம்.

கே: ரெட் மல்லெட் என்று ஓட்டலில் போட்டிருந்தார்கள். சிவப்பு மடவையா? (வாசகர், கோவை)

ப: நவரை வகை. தாடையில் இரண்டு மீசை இருக்கும். மடவைக்கும் அதற்கும் பில்லில் மட்டுமே உறவு.

கே: டால்பின் மடவை பிடித்துக் கொடுக்கிறதாமே, கதையா? (மாணவர், நாகப்பட்டினம்)

ப: நிஜம். தெற்கு பிரேசிலில் லகூனா என்ற ஊர். மீனவர்கள் இடுப்பளவு கலங்கல் நீரில் வீச்சுவலையோடு காத்து நிற்பார்கள். டால்பின், மடவைக் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஓட்டி வந்து, சட்டென்று முங்கிக் காட்டும். அதுதான் சைகை, வலை விழும். சிதறி ஓடும் மீன் டால்பினுக்கு. 2023-இல் வந்த ஆய்வு, இரு தரப்புக்கும் இதில் வரவு கூடுகிறது என்று அளந்தே காட்டியது. ஒப்பந்தம் இல்லை, சங்கம் இல்லை, தகராறும் இல்லை.

கே: குளத்தில் வளர்க்கலாமா? (வாசகர், சீர்காழி)

ப: உவர்நீர் இருந்தால் தாராளமாக. இறால் குளத்தோடு சேர்த்தும் விடலாம். கீழே கிடக்கும் மிச்சத்தை இது மேயும். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் குஞ்சு பொரிக்கவைத்திருக்கிறது, அங்கே விசாரியுங்கள். சாக்கடை கலக்கும் ஓடைத் தண்ணீரை மட்டும் குளத்துக்குள் விடாதீர்கள். மண்ணில் இருப்பதெல்லாம் மீனுக்கு, மீனில் இருப்பதெல்லாம் உங்களுக்கு.

கே: மடவை பறவை என்று ஒரு தீர்ப்பு உண்டாமே? (வாசகி, மதுரை)

ப: புளோரிடாவில் வழங்கும் பழைய கதை. தடைக்காலத்தில் மடவை பிடித்து மாட்டியவர்களுக்காக வாதாடிய வக்கீல், அரைவைப் பை பறவைக்குத்தான் உண்டு, மடவைக்கும் உண்டு, ஆகவே இது பறவை, மீன்பிடிச் சட்டம் செல்லாது என்றாராம். விடுதலை ஆனதாம். பறவை வேட்டைக்கும் தடைக்காலம் உண்டே என்று அரசுத் தரப்பில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.