இரட்டை எஞ்சினுக்கு எத்தனை பேர்?

எந்தப் பயிற்சிப் பள்ளி மலிவு என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து, நோர்ட்டன்பிரிட்ஜிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, பதினோராவது கொட்டேசனும் வந்திருச்சு!" இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டப் பழகுவதற்கு. ரத்மலானை, மணிலா, ஜொஹன்னஸ்பேர்க் என்று அட்டவணை போட்டு, மஞ்சள் பூசி வைத்திருக்கிறான். ஒற்றை எஞ்சினுக்கே இன்னும் லைசன்ஸ் எடுக்கவில்லை. நாம் மட்டும் என்ன, பிரஷர் குக்கருக்கு ஹட்டன் டவுனில் ஏழு கடை ஏறி இறங்கி, கடைசியில் வெறுங்கையோடு பஸ் ஏறுகிற ஆட்கள்தானே.

"மணிக்கு இவ்வளவு" என்கிறார்கள். எந்த மணி? எஞ்சினை முடுக்கியதிலிருந்து அணைக்கும்வரை ஓடும் ஹொப்ஸ் மீட்டர் காட்டுவதுதான் மணியாம். ஓடுபாதைக்கு உருண்டு போவதும் கணக்கு, முன்னால் நிற்கிறவன் கிளம்பட்டும் என்று சும்மா நிற்பதும் கணக்கு.

எனக்குத் தராசு ஞாபகம் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள். மழை நாளில் ஈரத்துக்கு இன்னொன்று. வெயில் நாளில்? அன்றைக்கும் ஈரத்துக்குத்தான். முள் அசையும் முன்னே கணக்கப்பிள்ளையின் பென்சில் அசைந்துவிடும். ஒரு நாள்கூலிக்கு ஒரு 'பேர்'. தோட்டம் கேட்ட 18 கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்தால் அரைப்பேர். அந்த ஹொப்ஸ் மீட்டரை அம்மாவின் இடுப்பில் கட்டியிருக்க வேண்டும்! காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றது, மலை ஏறியது, அட்டையைப் பிடுங்கி எறிந்தது, தராசடியில் வரிசையில் காத்திருந்தது என்று எல்லாம் ஓடி, தினமும் ஒன்றரைப் பேர் விழுந்திருக்கும். கணக்கப்பிள்ளையை விமானப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம். "ஒரு மணியா பறந்த? மேகத்துல ஈரம் இருந்துச்சு, பத்து நிமிசம் கழிச்சிருக்கேன்" என்றிருப்பார். நாங்கள் கொடுத்தால் எடை குறைகிறது, நாங்கள் வாங்கினால் மணி கூடுகிறது. இதை அவனுடைய அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவது?

இரண்டில் ஒரு எஞ்சின் நின்றால் பாதி பலமாவது மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். பயிற்சிக்கு விடுகிற சின்ன விமானங்களில் மேலே ஏறும் சக்தி ஐந்தில் நாலு பங்கு போய்விடுமாம். அரைப்பேர்கூட இல்லை! மூக்கு செத்த எஞ்சின் பக்கம் இழுக்கும். மறுபக்கத்துக் காலால் சுக்கானை அழுத்தி மிதிக்க வேண்டும். அந்த மிதிக்குத்தான் இத்தனை காசு.

"ரெண்டு எஞ்சின்னா பயமே இல்லம்மா" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அக்கா ஏழு கன்னியர் மலைப் பக்கம் கையைக் காட்டினாளாம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி ராத்திரி, ஹஜ் பயணிகளும் பணியாளர்களுமாக 191 பேரோடு அங்கே மோதிய விமானத்துக்கு நாலு எஞ்சின். அன்று முழுக்க அந்த வீட்டில் கொட்டேசன் பேச்சே எடுக்கவில்லை.

ஒரு கொட்டேசனின் மணிக்கட்டணத்தை, 2024இல் 1350 ரூபாவான நாள்கூலியால் வகுத்துப் பார்த்தேன். ஒரு மணிக்கு மூன்று மாதப் பேர் கிட்ட வந்தது. அதுவும் சாக்குக் கழிவு போகாமல்.

சரி, மலிவான பள்ளி எது என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பன்னிரண்டாவது வந்துவிட்டது. மணிக்கு வெகு மலிவு. கீழே பொடி எழுத்தில்: 'எரிபொருள் தனி'.