போர்டில் எழுதாத சங்கதி

பல் வலித்தால் பல் டாக்டர், கண் மங்கினால் கண் டாக்டர் என்று போர்டைப் பார்த்தே படியேறிவிடலாம். வக்கீல் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. அதோடு விட்டதா? பெயர்ப்பலகை நியாயமான அளவில்தான் இருக்க வேண்டுமாம், இன்ன வழக்கில் கைதேர்ந்தவர் என்று அதில் எழுதவே கூடாதாம். அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் 1974லேயே இதற்கென்று ஒரு வாரியம் அமைத்து, பரீட்சை வைத்து, நிபுணர் என்று சான்றிதழே கொடுக்கிறார்கள். நமக்கு பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர். அவ்வளவுதான். கொலைக்கும் கொல்லைச் சுவருக்கும் ஒரே போர்டு.

எங்களுடையது கொல்லைச் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டியபோது எங்கள் பக்கம் ஒன்றரை அடி வந்துவிட்டது. சுவர் தானாக நடந்து வந்தது போலத்தான் அவர் பேசுகிறார்.

கேஸ் என்றதும் சொந்தபந்தத்தில் ஆளுக்கொரு வக்கீல் கிளம்பியது. "மச்சான், அவர் வாயைத் தொறந்தா கோர்ட்டே அதிரும்" என்று மச்சினன் ஒருவரிடம் கூட்டிப்போனான். உண்மையிலேயே அதிர்ந்தது.

"அடிச்சானா?"

"இல்ல சார்."

"கெட்ட வார்த்தை?"

"தினம் வணக்கம் சொல்றார் சார்."

அவர் முகம் வாடிப்போயிற்று. "லேசா ஒரு தள்ளு தள்ளியிருந்தாக்கூட எஃப்.ஐ.ஆர். போட்டுடலாம்" என்றார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கும்படி யோசனையும் சொன்னார்.

பெரியப்பாவுக்கு சீனியர்தான் வேண்டும். 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டப்படி அது கோர்ட் பார்த்துக் கொடுக்கிற அந்தஸ்து. அப்படிப்பட்டவர் கட்சிக்காரரிடம் நேராக வக்காலத்து வாங்கக் கூடாது, நடுவில் இன்னொரு வக்கீல் வேண்டும். ஒன்றரை அடிக்கு இரண்டு வக்கீல் என்றால் அடிக்கு என்ன ஆகிறது என்று என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டியதும் பெரியப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

வக்கீல்கள் தங்கள் இணையதளத்தில் எந்தத் துறை என்று போட்டுக்கொள்ளலாம் என 2008இல் விதியைத் தளர்த்தினார்கள். எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் இணையதளம் என்றால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட் அம்மாதான். ஊரின் பிராதெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் உள்ளே போகிறது. "கடைசி ரூம் சார். பேச்சு அவ்வளவா வராது. ஆனா அவர் போட்ட பிராது ரிட்டர்ன் ஆகி நான் பாத்ததில்ல" என்றார். எந்த வாரியம் இதைவிடப் பெரிய சான்றிதழ் கொடுத்துவிடும்?

கடைசி ரூமில் நான் அநியாயத்தை அடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டினார். கை கொடுக்கிறார் என்று நானும் நீட்டினேன். "பத்திரம்" என்றார். மூலப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம் என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டார். சிவில் வக்கீலை இதில் கண்டுபிடித்துவிடலாம். கதை கேட்க மாட்டார், காகிதம் கேட்பார். சொத்து விவரத்தில் விரலை வைத்து, "கிழமேல் அடி 32. ஸ்தலத்துல எவ்வளவு இருக்கு?" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். "முப்பதரை" என்றாள். தையல் டேப்பை ஆறு தடவை மாற்றி மாற்றி வைத்து, அதற்கு மேல் அரை அடி என்று அளந்து வைத்திருக்கிறாள். அவர் முதல்முறையாகச் சிரித்து, அதற்குப் பிறகு கேள்விகளையெல்லாம் அவளிடமே கேட்டார்.

"சுவர் எழுப்பி எத்தனை நாளாச்சும்மா?"

"போன தையிலதான் சார்."

"நல்லவேளை. பன்னெண்டு வருஷம் சும்மா இருந்தா அந்த ஒன்றரை அடி என்னோடதுன்னு எதிரிடை அனுபவம் பேச ஆரம்பிச்சுடுவாங்க."

கமிஷனர் போட மனு, சர்வேயரை வைத்து அளவு, கோர்ட் ஃபீஸ், தன் ஃபீஸ் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். எத்தனை நாளில் முடியும் என்று கேட்டேன்.

"ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னு சிவில் நடைமுறைச் சட்டத்துலயே இருக்கு சார்" என்றார் வக்கீல்.

குமாஸ்தா அந்தப் பக்கம் திரும்பி இருமினார். இருமி முடித்துவிட்டு, அலமாரியிலிருந்து அடுத்த வருஷ டைரியையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.