ஊர்காட்டிச் சித்தப்பா

சென்னையில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பம் எதுவானாலும் அதில் ஒரு ஊர்காட்டிச் சித்தப்பா இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தோளில் ஜோல்னாப் பை, அதில் குடையும் தண்ணீர் பாட்டிலும். மெரினா, வண்டலூர் என்று நீங்கள் வாயெடுத்தால் போதும், "அதெல்லாம் டூரிஸ்ட் பார்க்கிற இடம்பா" என்பார். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள் வேறு யாராம்?

டிக்கெட் உண்டென்றால் அவரைப் பொறுத்தவரை அது இடமே இல்லை. வரிசை நின்றால் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார். வாசல் காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு "அப்படி எதுவும் இங்க இல்லையே சார்" என்று சொல்லும்போதுதான் சித்தப்பாவுக்கு முகம் மலரும்.

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் முன்னால் குடும்பத்தையே நிறுத்துவார். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய வானாய்வுக்கூடத்தின் மிச்சம் அது. தூணில் தமிழிலும் எழுதியிருக்கிறது. "ஒரு காலத்துல ரயிலெல்லாம் இந்த இடத்து மணிப்படிதான் ஓடிச்சு, தெரியுமா?" அத்தை கவலையோடு கேட்பாள்: "நம்ம ரயில் ராத்திரி எத்தனை மணிக்கு?"

அடுத்து உயர் நீதிமன்ற மதில். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசியதைச் சொல்லும் கல் அங்கே பதித்திருக்கிறது. பட்டுப்புடவையில் நாலு பேர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? போகிறவர் வருகிறவரெல்லாம் நின்றுவிடுவார்கள். "என்ன சார், ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனியத் தேவாலயத்தில், உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-இல் இதே ஊரில் அச்சிட்ட பாதிரியாரின் கல்லறையருகே நிற்கும்போது, பேரன் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிடுவான்: "தாத்தா, ஐஸ்கிரீம்?"

"ஐஸா? வா, காட்டறேன்!"

கூட்டிப்போகும் இடம் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்துவைக்க 1842-இல் கட்டியது. இப்போது விவேகானந்தர் இல்லம். எதிரே மெரினா. பேரன் அந்தப் பக்கம் திரும்பினால் தோளைப் பிடித்துக் கட்டடத்தைப் பார்க்க வைப்பார்.

வழியெல்லாம் ஒரே புலம்பல்: "நம்ம ஜனங்களுக்கு வரலாற்று உணர்வே கிடையாது. ஒருத்தனும் வந்து பார்க்கிறதில்ல." ஆனால் யாராவது வந்துவிட்டால்தான் வினையே. பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரருக்காக எழுப்பியது. முன்பெல்லாம் சித்தப்பா அங்கே கண்கலங்கப் பேசுவார். கல்லூரிப் பிள்ளைகள் செல்பி எடுக்க வரத் தொடங்கியதும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். "அங்க ஒரே கும்பல்பா."

உங்களையும் அவர் கூப்பிட்டால் தட்டாமல் போய்வாருங்கள். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ரங்கநாதன் தெரு வேலையை மட்டும் முதல் நாளே முடித்துவிடுங்கள். காலை டிபனை இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டுக் கிளம்புங்கள். சித்தப்பாவின் பட்டியலில் ஓட்டல் கிடையாது.