தலைக்கு மேல் தரிசு

நாவலப்பிட்டியில் மழைக்குப் பஞ்சமில்லை. ஊன்றிய வேலிக் கம்புகூடத் தளிர்க்கிற ஊர். என் உச்சந்தலை மட்டும் தரிசு.

முப்பது வயதில் நெற்றி மேலே ஏறத் தொடங்கியதும் ஊரே வைத்தியராகிவிட்டது. பெரியம்மா கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தந்தார். பக்கத்து வீட்டு அக்கா செவ்வரத்தம்பூவையும் வெந்தயத்தையும் அரைத்துக் கொடுத்தார். சலூன்காரர் சின்ன வெங்காயச் சாறு என்றார். அதன்பின் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. இத்தனை எண்ணெய் காய்ச்சும் வீட்டில், பெரியப்பாவின் தலை ஏன் பளபளக்கிறது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கரிசலாங்கண்ணிக்கு ஆய்வுச் சான்று உண்டு, மறுக்கவில்லை: எலிகளிடம். ரோஸ்மேரி எண்ணெயை மனிதர்களிடமே சோதித்தார்கள். 2015இல் ஈரானில் 100 பேர், ஆறு மாதம். வழுக்கைக்குத் தடவும் 2 வீத மினொக்சிடில் மருந்துக்குச் சமம் என்றார்கள். மருந்தில்லாத வெறும் திரவம் தடவிய மூன்றாம் கூட்டம் மட்டும் அதில் இல்லை. அந்த மினொக்சிடிலே முதலில் இரத்த அழுத்த மாத்திரை. விழுங்கியவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்த பிறகுதான் தலைக்கு வந்தது.

ஆண் வழுக்கைக்குக் காரணம் எண்ணெய்ப் பஞ்சமல்ல. ஹார்மோன் பட்டு மயிர்க்கால்கள் சுருங்குகின்றன, அதுவும் பரம்பரையாக. காணி உறுதி காணாத லயத்துக் குடும்பத்தில் தாத்தா விட்டுப்போன ஒரே சொத்து.

பெரியம்மாவின் எண்ணெய் இன்னும் முக்கால் போத்தல் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம். தலையணை உறை உங்கள் பொறுப்பு.